புதுப்பிப்பு: இரண்டு மாத நாய்க்குட்டி, முதல் வாரம்

போன இழையில் ராத்திரி குட்டியை அடுப்படியில் தனியாகப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தோம். அது தப்பு. தாய்ச்சூடு விட்டு வந்தது விடிய விடியக் கத்தும். முதல் வாரம் கட்டிலோரம் அட்டைப்பெட்டியில் பழைய சேலை விரித்துப் படுக்கவிடுங்கள்.

மூத்திரத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போங்கள். தடுப்பூசி இன்னும் முடியாததால் தெரு இப்போது வேண்டாம். தரையை மோந்து வட்டமடித்தால் அடுத்த நொடி ஈரம்தான்.

தரையில் நோய்க்கிருமி சாக பினாயில் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தபேதியும் வரவைத்து உயிரையே எடுக்கும் பார்வோ வைரஸ் அதற்கெல்லாம் சாகாது. தரையைக் கழுவிவிட்டு, 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச் திரவம் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு அலசுங்கள். அதுவரை குட்டி பக்கத்தில் வரக்கூடாது.

பார்வோ தடுப்பூசியை ஒரே ஊசியோடு நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே ஆரம்ப ஊசியை முடக்கிவிடும். அதனால்தான் குட்டிக்கு 16 வார வயது ஆகும்வரை, 3-4 வாரத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள்.