முகடா, மேடா? உடைந்த அயனியிடம் ஏமாந்த அனுபவங்கள்

கூட்டுக்காரி, பினாங்கு

இதை எழுதிவிட்டாலாவது மனம் ஆறுமா என்று பார்க்கிறேன். உண்ணும் பறவைக்கூட்டின் மாதிரி; லேசரால் அயனிகளை எழுப்பி, அவை பறக்கும் நேரத்தை வைத்து நிறையை அளக்கும் மால்டி கருவி; அயனிகளை மின்புலக் கண்ணாடியால் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்ட்ரான் நிலை; மற்றவை இங்குள்ளவர்களுக்குத் தெரிந்தவைதான். நிறமாலையில் ஒரு கிளைக்கோபெப்டைடின் (சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதத் துண்டின்) முகடு, ஐசோடோப்புகள் சீப்புப் பற்களைப் போலப் பிரிய, அழகாக நின்றது. அதற்கு இடப்பக்கம் ஒரு மேடு. அதை முகடு என்று சொல்ல முடியாது. பற்களே இல்லாமல், மழையில் கரைந்த மணல்வீட்டைப் போலப் படர்ந்து கிடந்தது. இடைவெளியை அளந்தேன். சங்கிலியின் நுனியிலிருந்து சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை ஒன்று கழன்றிருந்தால் நிறை 291 குறைய வேண்டும். இதுவோ அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது, வேறெந்தச் சர்க்கரையின் கணக்கிலும் விழவில்லை. ஆகவே ‘அடையாளம் தெரியாத வேறொரு கூறு’ என்று அறிக்கையில் எழுதிக் கையொப்பமிட்டேன். மறுவாரம் வேறு காரணத்துக்காக அதே மாதிரியை, கண்ணாடி இல்லாமல் அயனிகள் நேரே பறக்கும் லீனியர் நிலையில் ஓட்டியபோது, மேடு இருந்த இடம் துடைத்து வைத்ததைப் போல வெறுமையாக இருந்தது. அறிக்கை அதற்குள் வியாபாரியின் கைக்குப் போய்விட்டது. சரக்கு திருப்பி அனுப்பப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பழைய காந்தக்காரர், கோலாலம்பூர்

அம்மா, உங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நான் ஏமாந்தவன். அப்போது எங்களிடம் இருந்தது, அயனிகளைக் காந்தத்தால் வளைத்து நிறைவாரியாகப் பிரிக்கும் காந்தப் பிரிவுக் கருவி. நிறமாலை ஒளியுணர் தாளில் ஓடி வரும், வெளிச்சத்தில் விட்டால் தாளே கறுத்துவிடும். டொலுயீன் போட்டிருந்தேன். நிறை 91-க்கான முகடு வானுயர நின்றது, 65 இருந்தது, 39 இருந்தது. 46.4 என்ற இடத்தில் மட்டும் ஒரு தாழ்ந்த, அகன்ற மேடு. அயனி பின்னத்தில் போய் ஏன் நிற்க வேண்டும்? அழுக்கு என்று முடிவு செய்து, அயனிகள் உருவாகும் மூலத்தைக் கழற்றி இரண்டு நாள் தேய்த்தேன். திரும்ப மாட்டி ஓட்டினால், அதே இடத்தில் அதே மேடு. அப்போது விரிவுரையாளர் வந்தார். ஒன்றும் பேசாமல் தாளின் ஓரத்தில் 65 × 65 ÷ 91 என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கணக்குப் போட்டேன், 46.4 வந்தது. முழு வேகம் பெற்ற 91, காந்தத்துக்கு முன்பாக வழியிலேயே அசெட்டிலீனை உதிர்த்து 65 ஆகியிருக்கிறது. இயற்பியலாளர்கள் ஹிப்பிளும் காண்டனும் 1945-லேயே இதை விளக்கிவிட்டார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். அந்தத் தாள் இன்னும் கறுப்பு உறைக்குள் என்னிடம் இருக்கிறது. நீங்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

பாஸ்பேட் தேடுபவன், கோலாலம்பூர்

ஐயா மன்னிக்க வேண்டும், கடைசி வரி சரியில்லை. துண்டின் நிறையை வர்க்கமாக்கித் தாயின், அதாவது உடையுமுன் இருந்த அயனியின், நிறையால் வகுக்கும் கணக்கு காந்தத்துக்கு உரியது. அக்காவின் கருவியில் காந்தமே கிடையாது. அங்கே நடப்பதைப் பட்டர்வொர்த் படகை வைத்துச் சொல்லலாம். படகில் ஏறிய பிறகு பானை உடைந்தாலும், ஓடுகள் பானை வந்து சேரவேண்டிய அதே நேரத்தில்தான் பினாங்குக் கரையைத் தொடும். லீனியர் நிலையில் துண்டு தாயின் வேகத்திலேயே பறந்து தாயோடு சேர்ந்தே உணர்கருவியில் விழுவதால் மேடு தெரிவதில்லை. ரிஃப்ளெக்ட்ரானின் எதிர்ப்புலத்திலோ, எடை குறைந்த துண்டிடம் ஆற்றலும் குறைவு. ஆழமாகப் போகாமல் சீக்கிரம் திரும்பிவிடுகிறது. ஆனால் மீதி வழியெல்லாம் தாயின் வேகத்தில்தான் வந்தது என்பதால், மூலத்திலேயே பிறந்த துண்டு வரும் நேரத்துக்கு வராமல் சற்றுப் பிந்தி வருகிறது. 291-க்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது அதனால்தான். கண்ணாடியின் குவியம் முழு ஆற்றல் உள்ள அயனிகளுக்காக அமைக்கப்பட்டது. ஆகவே துண்டு கலங்கித்தான் தெரியும்.

என் கதை சிறியது. ஒரு பெப்டைடுக்குக் கீழே இப்படியொரு மேடு, 98-ஐ ஒட்டிய இடைவெளியில் வந்தது. உடன் இருந்தவர் கருவியைத் திட்டினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பாஸ்பாரிக் அமிலம் கழன்று விழுகிறது என்றால் பாஸ்பேட் அங்கே ஒட்டியிருந்தது என்று பொருள். ஐயா இரண்டு நாள் தேய்த்து அழிக்கப் பார்த்ததைத்தான் நாங்கள் தேடி அலைகிறோம்.

அண்ணாச்சி, பாயான் லெப்பாஸ்

நானும் ஒரு முறை பார்த்திருக்கிறேன், லேசரைக் குறைத்தேன், போய்விட்டது. அதை விடுங்கள். தங்கச்சி செய்திருக்க வேண்டியவை பல. முதலில் மேட்ரிக்ஸ், அதாவது லேசரை உறிஞ்சுவதற்காக மாதிரியோடு கலக்கும் பொருள். ஆல்ஃபா சயனோ என்ற அமிலம் சூடான மேட்ரிக்ஸ், அயனிக்கு அதிக ஆற்றலைக் கொடுத்துவிடும். சியாலிக் அமிலம் போன்ற இளகிய பிணைப்பு அதில் தாங்காது. டிஎச்பி என்ற இன்னொரு மேட்ரிக்ஸ் மென்மையானது, ஆனால் ஊசி ஊசியாகப் படிகமாவதால் நல்ல இடத்தைத் தேடித் தேடிச் சுட வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். லேசர் ஆற்றலை முகடு தோன்றும் வாசலுக்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள்; முகடு உயரவேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால் மேடும் கூடவே வளரும். சியாலிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியை மெத்தில் எஸ்டராக்கினால் பிணைப்பு உறுதிப்படும், சோடியம் ஒட்டும் தொல்லையும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐசோடோப்புப் பிரிந்து தெரிய வேண்டிய நிலையில் பிரியாத எதையும் லீனியரில் ஒரு முறை ஓட்டாமல் அறிக்கையில் ஏற்றாதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறோம்.

பழைய காந்தக்காரர், கோலாலம்பூர்

தம்பி சொன்னது சரி, காந்தக் கணக்கை அங்கே நீட்டியது என் தவறு. ஆனால் மேட்டை நான் அழிக்கப் பார்த்தது அறியாமல்தான். அறிந்த பிறகு அதைக் கொண்டாடியவர்கள் நாங்கள்தான். 91-லிருந்துதான் 65 பிறந்தது என்பதற்கு அந்தக் காலத்தில் எங்கள் கையில் இருந்த சான்று அந்த 46.4 தான்.

கூட்டுக்காரி, பினாங்கு

அண்ணாச்சி, லேசர், மேட்ரிக்ஸ் எல்லாம் இப்போது எனக்கும் தெரியும். ஆல்ஃபா சயனோவில்தான் ஓட்டியிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்க வந்தது வேறு. திருத்திய அறிக்கையை நிறமாலைகள் இரண்டையும் இணைத்து அனுப்பினேன். வியாபாரி தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்தக் கலப்பு மாதிரிக்குள் இல்லை, உங்கள் இயந்திரத்துக்குள்தான் நடந்தது என்றால், அதற்கு நான் ஏன் காசு கொடுத்தேன்?” இப்படிக் கேட்டவருக்கு உங்களில் யாராவது பதில் சொல்லியிருக்கிறீர்களா?