ராஜ்தூத் 350: வலது சைலன்சரில் மட்டும் வெண்புகை

கேள்வி: ரெண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக், ஹெச்டி (ஹை டார்க்) மாடல். கியர் ஆயிலும் குறையுது. இடது சைலன்சர்ல புகையே இல்ல. பிஸ்டன் ரிங் மாத்தணுமா அண்ணே?

பதில்: ரிங் இல்ல தம்பி, கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலும் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம். கிளட்ச் இருக்கிற வலப்பக்க சீல் கிழிஞ்சா கிராங்க்கேஸ் (கிராங்க் சுத்துற அறை) கியர் ஆயிலை உறிஞ்சும், அது சிலிண்டர்ல எரியும். இடது சீலையும் சேர்த்தே மாத்துங்க. அது போனா புகை காட்டாது, வெளிக்காத்தை இழுக்கும். ஆக்சிலரேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காது. அப்படியே விரட்டினா பிஸ்டன் சீஸ்தான், சிலிண்டருக்குள்ள இறுகி நின்னுடும்.

பதில்: கையோட பாயின்ட் (ஸ்பார்க்குக்காக கரன்ட்டை வெட்டுற காண்டாக்ட்) இடைவெளி 0.3–0.4 மி.மீ. வச்சிட்டு, டயல் கேஜ் (பிஸ்டன் நகர்வை அளக்கிற மீட்டர்) போட்டு ஸ்பார்க் டைமிங் பாருங்க: டிடிசிக்கு (பிஸ்டன் ஏறி நிக்கிற உச்சத்துக்கு) 2 மி.மீ. முன்னாடி, ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனியா.

பதில்: 30.5 குதிரைத்திறன், நிறுத்த வெறும் டிரம்! முன் சக்கர டிரம் மேல இருக்கிற பிரேக் லிவர் ரெண்டையும் இணைக்கிற ராடைத் திருகி, ரெண்டு ஷூவும் ஒண்ணா தொடுற மாதிரி வைங்க. ஏபிஎஸ் கிடையாது, ஈரத்துல பின் பிரேக்கை அழுத்தி மிதிச்சா சக்கரம் லாக் ஆயிடும்.