வீட்டு ஆர்கேட் கேபினெட்: பலகை அறுப்பதற்கு முன் எங்கெல்லாம் சறுக்கும்?

கோவை_ஸ்டிக்:

வணக்கம். ரொம்ப நாள் ஆசை, இப்போதுதான் நேரமும் கொஞ்சம் காசும் சேர்ந்து வந்திருக்கிறது. நின்றுகொண்டு ஆடுகிற முழு உயர ஆர்கேட் கேபினெட் ஒன்று, இரண்டு பேர் ஆடுகிற மாதிரி, வீட்டிலேயே செய்யப் போகிறேன். முக்கியமாக முஸ்தபா ஆட வேண்டும். அதன் நிஜப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனசார்ஸ் என்பதே எனக்கு இன்டர்நெட் வந்த பிறகுதான் தெரியும். அப்புறம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. வீட்டில் பேக்மேன் கட்டாயம் வேண்டும் என்று உத்தரவு.

கையில் இருப்பது: பழைய 32 இன்ச் டிவி, ராஸ்பெரி பை 4 என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, ஆன்லைனில் வாங்கிய கிட் (இரண்டு ஸ்டிக், 20 பட்டன், பட்டன் அழுத்தியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் இரண்டு யூஎஸ்பி என்கோடர் போர்டு). ஒரு அமெரிக்க பிளான் டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேன், அதில் முக்கால் இன்ச் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்று போட்டிருக்கிறது. திங்கட்கிழமை ஆசாரி வருகிறார். செய்து பார்த்தவர்கள் எங்கெல்லாம் தப்பு நடக்கும் என்று சொன்னால் புண்ணியம். எம்டிஎஃப் போதுமா, பிளைவுட்தான் வேண்டுமா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

மரத்தூள்:

முதல் வேலையாக ஆசாரியை இன்னும் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். இந்த வேலையில் நான் பார்த்த சொதப்பல்களில் முக்கால்வாசி ஒரே வகைதான், சாமான் எல்லாம் கைக்கு வந்து ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்கு முன்பே பலகையை அறுத்துவிடுவது.

உங்கள் விஷயத்திலேயே பாருங்கள். 32 இன்ச் டிவி சட்டத்தோடு சேர்த்து சுமார் 73 செ.மீ. அகலம் வரும். இரண்டு பக்கப் பலகை 18 மி.மீ. வீதம், கொஞ்சம் இடைவெளி, ஆக வெளி அகலம் 77, 78 செ.மீ. ஆகிவிடும். கதவு 3 அடி என்று சொல்வோம், ஆனால் நிலையும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக உள்ளே கிடைப்பது 32 இன்ச், அதாவது 81 செ.மீ. பக்கம்தான். சில வீடுகளில் அதுவும் இருக்காது. ஹாலில் வைத்துச் செய்து படுக்கையறைக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே டேப்பை எடுத்துக் கதவை அளந்துவிடுங்கள். ஸ்டிக்கும் பட்டனும் உட்காரும் கண்ட்ரோல் பேனலைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி செய்வது எப்படியும் நல்லது, முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

அமெரிக்க பிளானில் முக்கால் இன்ச் என்பது 19 மி.மீ. நம் கடையில் கிடைப்பது 18. அந்த 1 மி.மீ. வித்தியாசம் பலகை செருகும் காடியில் ஆட்டமாகத் தெரியும், விளிம்பை மூடும் பிளாஸ்டிக் பட்டையான டி-மோல்டிங்கும் 19 மி.மீ. அளவில் வாங்கினால் இரண்டு பக்கமும் அரை அரை மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும், பிளேடால் சீவ வேண்டி வரும். டி-மோல்டிங் நுழைய விளிம்பின் நட்டநடுவில் ஒரு மெல்லிய காடி போட வேண்டும், 1.6 மி.மீ. அளவு. அதற்கு மரம் குடையும் ரூட்டர் மெஷினில் தனி பிட் வேண்டும், பல ஆசாரிகளிடம் அது இருக்காது. இல்லையென்றால் விட்டுத்தள்ளுங்கள், சாதாரண எட்ஜ் பேண்ட் ஒட்டிக்கொள்ளலாம்.

எம்டிஎஃப் வழவழவென்று இருக்கும், பெயிண்ட் அழகாக உட்காரும். ஆனால் 8க்கு 4 தாள் ஒன்றே 40 கிலோவை நெருங்கும். அதைவிடப் பெரிய தொல்லை, நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம். தரையில் நேராக நிற்கிற எம்டிஎஃப் விளிம்பு அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து அடியில் ரொட்டி மாதிரி உப்பிவிடும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது. எம்டிஎஃப் என்றால் அடியில் ரப்பர் கால் அல்லது சக்கரம் கட்டாயம். விளிம்பில் ஸ்க்ரூ போடும்போது முதலில் சிறிய துளை போடாமல் நேராக முறுக்கினால் பலகை ஏடு ஏடாகப் பிளக்கும். கரையான் தொல்லை உள்ள வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், நல்ல பிளைவுட், மேலே மைக்கா.

வயர்மேன்:

மரத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் கரண்ட் பக்கம் வருகிறேன்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்சில் மூன்று கால் இருக்கிறதா என்று பாருங்கள். காமன், என்ஓ, என்சி என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். வயர் காமனிலும் என்ஓவிலும் போக வேண்டும். என்சியில் மாட்டினால் நீங்கள் தொடாமலே பட்டன் அழுத்தியபடி இருக்கும், அழுத்தினால் விடும். இரண்டு கால் மட்டும் உள்ள பட்டனில் இந்தக் குழப்பம் இல்லை. வயர் முனையில் போட்டுக் காலில் மாட்டும் லக் வாங்கும்போதும் கவனம், ஜப்பான் மாதிரி பட்டன்களுக்கு 2.8 மி.மீ., தனி மைக்ரோ ஸ்விட்ச் உள்ள அமெரிக்க மாதிரிக்கு 4.8 மி.மீ. பெரியதை வாங்கி நசுக்கி மாட்டுகிறவர்கள் உண்டு, நாலு நாள் தட்டி ஆடினால் கழன்றுவிடும்.

உங்கள் கிட் போர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வயர் தனித்தனியாக வரும், அது சுலபம். ஒரே கிரவுண்ட் வயரை எல்லா பட்டனுக்கும் தொடுத்துக்கொண்டு போகிற போர்டு என்றால், நடுவில் ஒரு லக் கழன்றால் அதற்கு அப்பால் உள்ள எல்லா பட்டனும் செத்துவிடும். கடைசி பட்டனிலிருந்து ஒரு வயரைத் திரும்பக் கொண்டுவந்து போர்டிலேயே இணைத்துவிட்டால் அந்தக் கவலை போயிற்று.

இரண்டு போர்டும் ஒரே மாதிரி என்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. லினக்ஸில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வரும். ரெட்ரோபை (ராஸ்பெரி பையில் பழைய கேம்களை ஓட்டும் மென்பொருள்) பட்டன் அமைப்பைப் பெயரை வைத்துத்தான் நினைவில் வைக்கும், ஆகவே முதல் ஆளின் போர்டில் எந்தத் துளையில் எந்த பட்டனோ, இரண்டாவது போர்டிலும் அச்சு அசலாக அதே வரிசை இருக்க வேண்டும். யூஎஸ்பி போர்ட்டை மாற்றி மாற்றிச் செருகினால் முதல் ஆள், இரண்டாம் ஆள் இடம் மாறிவிடும், எந்த போர்ட்டில் எது என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர்தான். பழைய போன் சார்ஜரைப் போட்டால் திரையின் மூலையில் மின்னல் குறி வரும், ஆட்டம் திணறும், ஆளாளுக்குக் கேமை ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளைத் திட்டுவார்கள். மெயின் ஸ்விட்சை நேராக அணைப்பதும் ஆகாது, மெமரி கார்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கார்டில் உள்ளது கெட்டுப்போகலாம். ராஸ்பெரி பையின் 5, 6 ஆம் பின்களில் ஒரு சின்ன பட்டனை இணைத்து, கான்ஃபிக் ஃபைலில் ஜிபிஐஓ ஷட்டவுன் வரியைச் சேர்த்தால் ஒரு அழுத்தில் ஒழுங்காக அணையும், மறுபடி அழுத்தினால் எழுந்திருக்கும். எல்லாம் செட் செய்து முடித்ததும் கார்டை முழுசாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் மின்வெட்டுக்கு அது இல்லாமல் சரிப்படாது.

பழைய_டோக்கன்:

டிவி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. 32 இன்ச் என்று சொல்கிறீர்கள், ஆனால் நீங்கள் ஆடப்போகிற பழைய கேம் எல்லாம் 4:3, அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. அகலத் திரையில் இரண்டு பக்கமும் கருப்பாகப் போக, படம் 26 இன்ச் அளவுதான் வரும். பேக்மேன் இன்னும் மோசம், அது நிமிர்த்தி வைத்த திரைக்காகச் செய்தது, அகலம் 224 புள்ளி, உயரம் 288. உங்கள் டிவியில் அது நடுவில் 20 இன்ச்கூட இல்லாத ஒரு பட்டையாக நிற்கும். ஆக 77, 78 செ.மீ. அகலக் கேபினெட்டைச் சுமந்துகொண்டு திரையில் கால்வாசியை, பேக்மேனில் பாதிக்கு மேலேயே, வீணாக்குகிறீர்கள். ஆபீஸ்களில் கழித்துப் போடுகிற 4:3 மானிட்டர், 20 இன்ச், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனலாகப் பார்த்து வாங்கினால் கேபினெட் மெலியும், மரத்தூள் சொன்ன கதவுப் பிரச்சினையும் தீரும். விலை குறைந்த டிஎன் பேனலை மட்டும் வாங்காதீர்கள், சாய்த்து வைத்து மேலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும்.

டிவிதான் என்று பிடிவாதமாக இருந்தால் இரண்டு சோதனை. பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள், ரிமோட் இல்லாமல் தானாக ஆன் ஆகிறதா? ஆகாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கேபினெட்டுக்குள் ரிமோட்டை நீட்ட வேண்டும். அப்புறம் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத டிவியில் அடி கொடுத்த பிறகு சற்று யோசித்துவிட்டுத்தான் கை நீளும்.

பட்டன் எத்தனை என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முஸ்தபாவுக்கு அடி, தாவல் என்று இரண்டே பட்டன். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு 6. கிட்டில் ஆளுக்கு 8 வருகிறது என்பதற்காக எட்டுத் துளை போடாதீர்கள், விருந்தாளிகள் எதை அழுத்துவது என்று தெரியாமல் முழிப்பார்கள். மிச்சத்தில் ஒன்றை ஹாட்கீ, அதாவது வேறு பட்டனோடு சேர்த்து அழுத்திக் கேமை மூடுகிற மாதிரி கட்டளை கொடுக்கும் பட்டன், ஆக்குங்கள். ரெட்ரோபையில் செலக்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்தினால் கேம் மூடிவிடும், ஆர்கேட்டில் செலக்ட் என்பது காயின் பட்டன். பிள்ளைகள் காயின் போட்டுக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்துவார்கள், மொத்த ஆட்டமும் காணாமல் போகும், பிறகு சண்டை. ஹாட்கீயைத் தனி பட்டனாகப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துவிடுங்கள்.

பேக்மேனுக்கு இன்னொன்று. அசல் மெஷினில் 4 திசை ஸ்டிக். 8 திசை ஸ்டிக்கில் மூலைவாட்டம் போய்ப் போய்த் திருப்பங்களைத் தவறவிடும், ஆடுகிறவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். சில ஸ்டிக்கில் அடியில் உள்ள தட்டைத் திருப்பி 4 திசை ஆக்கலாம், உங்களுடையதில் முடிகிறதா பாருங்கள்.

ரோம் ஃபைல், அதாவது கேமின் நகல் ஃபைல் விஷயத்தில், எமுலேட்டரின் பதிப்பும் ரோம் தொகுப்பின் பதிப்பும் பொருந்த வேண்டும். மேம்2003 என்கிற எமுலேட்டர் 0.78 தொகுப்பைக் கேட்கும். வேறு பதிப்பைப் போட்டுவிட்டு ஓடவில்லை என்று போர்டைக் கழற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எங்கே கிடைக்கும் என்று இங்கே கேட்காதீர்கள், அந்தக் கேம்களுக்கு இன்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

கோவை_ஸ்டிக்:

எல்லோருக்கும் நன்றி. ஆசாரியைத் தள்ளிப்போட்டாயிற்று, டிவி மறுபடி சுவருக்கே போகிறது, 4:3 மானிட்டர் தேடுகிறேன். ஒரு சந்தேகம். கிட் பட்டனைப் பிரித்துப் பார்த்தேன், பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் காது, நட் எதுவும் இல்லை. 16 பட்டன் 30 மி.மீ., 4 பட்டன் 24 மி.மீ. இதை 18 மி.மீ. பலகையில் எப்படி நிறுத்துவது?

மரத்தூள்:

நிறுத்த முடியாது. அது 2 முதல் 4 மி.மீ. தகட்டில் சொருகி நிற்கும் வகை. ஸ்டிக்குக்கும் அதே கதி, தண்டில் 18 மி.மீ. பலகைக்குள்ளேயே புதைந்துவிடும், மேலே பிடிக்க உருண்டை மட்டும்தான் மிஞ்சும். பட்டனை நட் வைத்த நீள வகைக்கு மாற்றிவிட்டு, ஸ்டிக் உட்காரும் இடத்தில் மட்டும் பலகையை அடியிலிருந்து ரூட்டரால் குடைந்து மெலிதாக்குவது ஒரு வழி. ஆனால் நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள், லேசர் கட்டிங் பட்டறைக்கு அங்கே என்ன பஞ்சம். 2 மி.மீ. இரும்புத் தகட்டில் எல்லாத் துளையும் வெட்டி வாங்கி பவுடர் கோட்டிங் கொடுத்துவிட்டால் பட்டன் கிளிக் என்று உட்காரும், ஸ்டிக்கும் சரியான உயரத்தில் நிற்கும்.

வெட்டக் கொடுப்பதற்கு முன் அதே வரைபடத்தை அட்டைப்பெட்டியில் ஒட்டித் துளை போட்டு, பட்டனைச் செருகி, அதை மேஜையில் வைக்காமல் நிஜ உயரத்தில் வைத்து, இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஆடிப் பாருங்கள். தரையிலிருந்து பேனல் 36 முதல் 40 இன்ச் வரை வரலாம், வீட்டில் யார் அதிகம் ஆடப்போகிறார்களோ அவர் முழங்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்டிக்கை முன் விளிம்புக்கு மிக அருகில் வைத்தால் மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்.

வயர்மேன்:

தகடு என்றதும் ஓடி வந்தேன். இரும்பு பேனல் வைத்தால் அதை எர்த் செய்யாமல் விடவே கூடாது. இரண்டு பின் பிளக்கில் ஓடும் எல்இடி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதெல்லாம் உள்ளே இருந்தால், விரல் தகட்டில் பட்டதும் மெலிதாகச் சுர்ரென்று அடிக்கும், அதுவும் வெறுங்காலோடு டைல்ஸில் நிற்கும்போது. மூன்று பின் பிளக், தகட்டின் உட்பக்கம் ஒரு மூலையில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஒரு போல்ட்டில் பச்சை வயர். வீட்டு சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பின்பக்கம் மேலே காற்றோட்டத்துக்கு ஓட்டையும் ஒரு சின்ன ஃபேனும், ஏப்ரல், மே மாதத்தில் பூட்டிய பெட்டிக்குள் ராஸ்பெரி பை வெந்துவிடும்.

கோவை_ஸ்டிக்:

எழுதிக்கொண்டேன். மானிட்டருக்கு முன்னால் அக்ரிலிக் போடவா, கண்ணாடியா? மேலே பெயர்ப் பலகைக்கு என்ன செய்வது?

மரத்தூள்:

பெயர்ப் பலகை உங்கள் தெருமுனை பிளக்ஸ் கடையிலேயே ஆகிவிடும். பின்னால் விளக்கு எரியும் வகை என்று சொல்லி அடித்து வாங்குங்கள், சாதாரண பிளக்ஸில் வெளிச்சம் ஊடுருவாது. பின்னால் எல்இடி ஸ்ட்ரிப் போதும்.

முன்னால் அக்ரிலிக் சுலபம், கீறல் விழும், அவ்வளவுதான். துளை போட வேண்டி வந்தால் அடியில் கட்டை வைத்து இறுக்கி, மெதுவான வேகத்தில் போடுங்கள், அவசரப்பட்டால் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். கண்ணாடி வேண்டுமென்றால் டஃபன்ட்தான், ஆனால் அதைச் சூளையில் வைத்து எடுத்த பிறகு அறுக்கவும் முடியாது, துளைக்கவும் முடியாது, மொத்தமும் நொறுங்கிவிடும். ஆகவே பிளானில் உள்ள அளவைக் கொடுக்காதீர்கள். பெட்டி முழுசாக எழுந்து நின்று, மானிட்டரும் உட்கார்ந்த பிறகு, மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்ததிலிருந்து 3 மி.மீ. கழித்துக் கடையில் கொடுங்கள்.