ஈப்போவில் இரண்டு நாள்: கெல்லி மாளிகையும் அருகிலிருக்கும் மாரியம்மனும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்களுக்கு ஈப்போ என்றால் மருத்துவமனைக்கும் தீபாவளித் துணிக்கும் போகிற ஊர். சென்ற பள்ளி விடுமுறையில்தான் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் தங்கினேன். முதல் நாள் எல்லாரும் பார்க்கும் இடங்கள்: 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் நிலையம், 1909ஆம் ஆண்டின் பெர்ச் மணிக்கூண்டு, பழைய நகரத்துச் சுவரோவியங்கள், வெள்ளைக் காப்பி. பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் பத்து காஜா சாலையிலுள்ள கெல்லி மாளிகைக்குப் போனோம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்ட முதலாளி, மதராசிலிருந்து வேலையாட்களை வரவழைத்து 1915இல் தொடங்கிய அந்த மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியிலேயே நின்றுவிட்டது. மின்தூக்கிக்காக விடப்பட்ட வெற்றுக் குழியைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, முப்பது ஆண்டுகள் ரப்பர் மரங்களில் பால் வெட்டிய அம்மா, பூச்சில்லாத சுவரைத் தடவியபடி, "இந்தக் கல்லையெல்லாம் யாரு சொமந்திருப்பா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் பக்கத்து மாரியம்மன் கோயிலில் இருக்கிறது. வாடகைக் கார் ஓட்டுநர் "அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்றார், நாங்கள் விடவில்லை. விஷக்காய்ச்சலில் வேலையாட்கள் பலர் மடிந்தபோது, மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஸ்மித் கட்டிக்கொடுத்த கோயில் அது. கூரையில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக அவரும் நிற்கிறார். எங்களுக்கு அதைக் கைகாட்டியவர், பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. காட்டிய கையோடு அம்மாவிடம், "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்றார். இருவரும் பிறந்த தோட்டங்கள் இன்று இல்லை; தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம், கங்காணி, விடியலில் தலைவிளக்கோடு போன வரிசை என்று அரை மணி நேரம் பேசினார்கள். மாளிகையில் அவ்வளவு நேரம் அம்மா நிற்கவே இல்லை.

*

அண்ணே, நான் பீடோர்க்காரி. மூன்று முறை மாளிகைக்குப் போயும் இந்தக் கோயிலைத் தவறவிட்டிருக்கிறேன் என்பது உங்கள் பதிவைப் படித்த பிறகே தெரிகிறது. நாங்கள் போகும்போதெல்லாம் குனோங் சீரோவிலுள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவோம். தைப்பூசம் அல்லாத நாளில் அங்கே கூட்டம் இருக்காது, சுண்ணாம்புக் குன்றின் நிழலில் வயதானவர்கள் நிம்மதியாக உட்காரலாம். அடுத்த முறை அம்மாவை அங்கும் அழைத்துச் செல்லுங்கள். மாரியம்மன் கோயிலுக்கு எந்த நேரத்தில் போனீர்கள்?

*

காலையில்தான், தங்கச்சி. போகும்போது மூதாட்டியிடம் பூ வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் காசு வாங்க மறுத்துவிட்டார், அது அம்மாவுக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.