காந்தமும் ஓபிடி பெட்டியும் உண்மையில் பெற்றோலை மிச்சப்படுத்துமா?

கேள்வி: பரந்தன் பயணி

அனைவருக்கும் வணக்கம். நான் வேலை நிமித்தம் வாரத்தில் ஐந்து நாட்கள் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு 1000 சிசி பெற்றோல் காரில் போய் வருகிறேன். இரு வழியும் சேர்த்து நூறு கிலோமீற்றருக்குக் குறையாது. இரண்டு மாதங்களுக்கு முன்பு வரை லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடிய கார், இப்போது 13ஐத் தாண்டுவதில்லை.

இந்த நேரத்தில் கிளிநொச்சியில் ஒருவர் இரண்டு பொருட்களைக் காட்டினார். ஒன்று, பெற்றோல் குழாயைக் கவ்விக்கொள்ளும் ஒரு சோடிக் காந்தம். மற்றையது, ஸ்ரியறிங்கின் கீழுள்ள ஓபிடி துவாரத்தில் (காரின் கணினியை ஸ்கான் பண்ணும் கருவியைச் செருகும் இடம்) செருகும் சிறிய பச்சைப் பெட்டி. இரண்டையும் பூட்டினால் எரிபொருளில் 30 சதவீதம் மிச்சமாகும் என்றும், புகை குறைந்துவிடுவதால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் கார் தடையின்றிச் சித்தியடையும் என்றும் அவர் உறுதியாகச் சொல்கிறார். விலை 14,000 ரூபாய். அடுத்த மாதம் அந்தப் பரிசோதனைச் சான்றிதழோடு காரின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் கேட்கிறேன்: இவற்றைப் பாவித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில் 1: ஒட்டுசுட்டான் வாசி

பச்சைப் பெட்டியை நான் வாங்கிப் பாவித்தேன். முதல் 150 கிலோமீற்றர் வரை பெட்டி “உங்கள் ஓட்டத்தைப் படித்துக்கொள்ளும்”, அதன் பிறகே பலன் தெரியும் என்றார்கள். பலன் தெரிந்தது போலவும் இருந்தது; ஆனால் காசு கொடுத்த கவலையில் அந்த நாட்களில் நான் அக்சிலேற்றரை முட்டையின் மேல் கால் வைப்பது போல மிதித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாங்குளம் வீதியில் பழையபடி ஓடத் தொடங்கியதும் கணக்கும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சிறிய பலகை, மினுங்குவதற்கு மூன்று விளக்குகள், ஒரு பொத்தான், ஒரு சிப். ஓபிடி துவாரத்தில் 16 முனைகள் உண்டு. அவற்றில் 16ஆவது பற்றரி மின்சாரம், 4உம் 5உம் ஏர்த், இப்போதைய கார்களில் கணினியோடு பேசுவதற்கு உரியவை 6உம் 14உம். என் பெட்டியில் மின்சார முனைகளுக்கு மட்டுமே தொடுப்பு இருந்தது. 6இலிருந்தும் 14இலிருந்தும் ஒரு கோடுகூடப் புறப்படவில்லை. விளக்கு எரிவதைத் தவிர வேறெதையும் அது செய்திருக்க முடியாது.

பதில் 2: வவுனியா கராச்காரர்

தம்பி, முதலில் உங்கள் கார் ஏன் இரண்டு மாதத்தில் மூன்று கிலோமீற்றர் குறைந்தது என்று பாருங்கள். அது பழுதின் அறிகுறி. எதையாவது பூட்டாததால் வந்த குறை அல்ல.

இப்போதைய பெற்றோல் கார்களில் புகைபோக்கிக் குழாயில் ஓர் ஒக்சிசன் சென்சர் இருக்கிறது. எரிந்து வெளியேறும் வாயுவில் எவ்வளவு ஒக்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று அது பார்த்துச் சொல்ல, ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் குலையாதபடி கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. ஆகவே வெளியிலிருந்து எதைப் பூட்டி இந்த விகிதத்தை மாற்ற முயன்றாலும், கணினி சில கணங்களில் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். சென்சரை ஏமாற்றிப் பெற்றோலைக் குறைக்கும் கருவிகளும் உண்டு. அவற்றைப் பூட்டினால் நைதரசன் ஒக்சைட்டுகள் அதிகரிக்கும். நமது பரிசோதனையில் பெற்றோல் வாகனங்களுக்குக் காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும் மட்டுமே அளப்பதால், அந்தக் கேடு சான்றிதழில் தெரிவதில்லை.

காந்தத்தைப் பற்றிச் சொல்வதானால், பெற்றோல் மூலக்கூறுகள் கொத்தாக ஒட்டியிருப்பதாகவும் காந்தம் அவற்றைப் பிரித்துவிடுவதாகவும் விற்பவர்கள் சொல்வார்கள். பெற்றோல் காந்தத்துக்கு இசைகிற பொருளே அல்ல. பொறி பற்றுவதற்கு முன்பே அது ஆவியாகியும் விடுகிறது. அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. பழுதில்லாத எஞ்சினுக்குள் போகும் பெற்றோலில் 97 சதவீதத்துக்கும் அதிகமானது ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் எரித்தாலும் 3 சதவீதம்தான் கிடைக்கும்; 30 சதவீதத்தை எங்கிருந்து எடுப்பது? நமக்கு நட்டம் எரியாத பெற்றோலால் வருவதல்ல, ரேடியேற்றராலும் புகைக்குழாயாலும் வெப்பமாகப் போவதால் வருவது. காந்தத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் 1970கள் தொடக்கம் இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவே சிறிதளவு பலன் தந்தன. அவற்றிலும் சில நச்சு வாயுவைக் கூட்டின.

உங்கள் கதையைக் கேட்டால் எனக்கு அந்த ஒக்சிசன் சென்சர் மீதுதான் சந்தேகம். அது பழுதானால் கணினி தேவைக்கு மேல் பெற்றோலை ஊற்றும். செலவும் ஏறும், புகைப் பரிசோதனையும் தவறும். கணினியை ஸ்கான் பண்ணிப் பாருங்கள். ரயர் காற்றையும் பாருங்கள். எயார் பில்டர் நம்முடைய கிரவல் தூசியில் சீக்கிரம் அடைபடும் என்றாலும், உங்கள் காரில் அது இழுவையைக் குறைக்குமே தவிர பெற்றோலை அதிகம் தின்னாது. டீசல் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும்தான் அதனால் கரும்புகை வரும்.

பதில் 3: புளியங்குளம் பழைய சாரதி

கராச்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தொண்ணூறுகளில் போரின்போது வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது, காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடியவர்கள் நாங்கள். பின்னால் வந்த வெள்ளைப் புகையும், கண்ணை எரித்த அந்த மணமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டியதும் எரியாமல் போன எண்ணெய்க்குச் சாட்சி. அந்த எஞ்சின்களில் கைவைத்தியம் செய்து மிச்சம் பிடிக்க இடம் இருந்தது. இன்றைய கார் அந்த இடத்தைத் தொழிற்சாலையிலேயே அடைத்துவிட்டு வருகிறது. உங்கள் வயதில் உள்ளவர்களிடம் “அந்தக் காலத்தில் நாங்கள் செய்தோம்” என்று சொல்லிக் காந்தம் விற்பவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

பரந்தன் பயணி:

கராச்காரர் அண்ணா, சந்தேகித்தது சரி. ஸ்கான் பண்ணியபோது ஒக்சிசன் சென்சர் பழுது என்றே காட்டியது. ரயர்களில் 32 இருக்க வேண்டிய காற்று 24தான் இருந்தது. சென்சரை மாற்றி, ஒரே நிரப்பு நிலையத்தில் ராங்கை வாய் வரை இரண்டு தடவை நிரப்பிக் கணக்குப் பார்த்தேன், லீற்றருக்கு 15.7 ஓடுகிறது. திங்கட்கிழமை புகைப் பரிசோதனைக்குப் போகிறேன்.

வவுனியா கராச்காரர்:

போகுமுன் அரை மணி நேரமாவது ஓடிவிட்டுப் போங்கள். புகைக்குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் சூடேறினால்தான் வேலை செய்யும். குளிர்ந்த எஞ்சினோடு வரிசையில் நின்று தவறியவர்கள் பலர்.