அம்மாவின் கால் வீக்கத்துக்கு யாரைப் பார்க்கலாம்?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து உறவுகளே, ஒரு வழி சொல்லுங்கள். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். கடலடிப் பாறைத் திட்டான பாரில் கல் கிழித்த காயம் ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். சில மாதங்களாக இடது கால் மட்டும் தடித்து வருகிறது. ‘உடம்பு போட்டிருக்கிறது, சோற்றைக் குறை’ என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கொழுப்பு ஒற்றைக் காலிலா சேரும்? புறங்காலும் உப்பியிருக்கிறது, செருப்பு வார் பதிந்த தடம் நெடுநேரம் மறைவதில்லை. கணைக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்புறத் தோலைக் கிள்ளிப் பிடிக்கவே முடியவில்லை. அது நிணநீர்த் தேக்கத்தின், அதாவது திசுக்களில் ஊறும் நீர் வடியாமல் தங்கிவிடுவதன் அடையாளம். இதயம், சிறுநீரகக் கோளாறென்றால் பெரும்பாலும் இரண்டு கால்களும் வீங்கும்.

ராமநாதபுரத்திலோ மதுரையிலோ இதற்கு எந்தப் பிரிவில் காட்டினீர்கள்? யானைக்காலுக்கான இரவு நேர இரத்தப் பரிசோதனையை எங்கே எடுக்கிறார்கள்? அழுத்தக் கட்டுப் போடக் கற்றுத் தருபவர் யாராவது உண்டா? அதுவரை அம்மாவைக் கடலுக்கு அனுப்புவதாக இல்லை.