கடகடவென்று வாசிக்கிறார்கள், பொருள்தான் பிடிபடவில்லை

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களே, ஒரு யோசனை வேண்டும். என் மாணவர்கள் எந்தப் பத்தியையும் தடங்கலின்றி வாசித்துவிடுகிறார்கள். "அவள் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள்; தரையில் நீர் சொட்டியது" என்பதைப் படித்தபின், வெளியே மழையா என்று கேட்டால், "அப்படி எதுவும் எழுதவில்லையே, டீச்சர்" என்கிறார்கள். அகராதிப் பொருளை எழுதவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, மறுவாரமே மறந்துபோகிறது. கல்வி ஆய்வாளர்களான பாலின்சாரும் பிரவுனும் 1984இல் விளக்கிய முறைப்படி ஊகித்தல், கேள்வி கேட்டல், ஐயம் தெளிதல், சுருக்கிச் சொல்லுதல் ஆகியவற்றைச் சிறு குழுக்களில் பிள்ளைகளே முறைவைத்து நடத்தச் சொல்லப்போகிறேன். பெரிய வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டா? கூச்சப்படும் பிள்ளைகளை எப்படிப் பேசவைத்தீர்கள்? சொல்லாமல் சொல்லும் சிறு பத்திகள் கைவசம் இருந்தால் அனுப்புங்கள். பாடநூல் பத்திகள் மட்டும் வேண்டாம், அவற்றின் விடைகளை ஏற்கெனவே ஒப்பிக்கிறார்கள்.